ஆடிட் ஃபைலை ரெகுலேட்டர் எடுத்தால் என்ன பார்க்கிறார், அதனால் தரம் உயர்கிறதா?

ஐந்தொகை (கேள்வி)

பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட கம்பெனிகளை ஆடிட் செய்யும் நடுத்தர நிறுவனங்களை மனதில் வைத்துக் கேட்கிறேன். சுயாதீன ரெகுலேட்டர்கள் வெளியிடும் இன்ஸ்பெக்ஷன் அறிக்கைகளைப் படித்தால் மூன்று விஷயங்கள் பிடிபடவில்லை.

ஒன்று, எந்த ஃபைலை (ஓர் ஆடிட்டில் செய்த வேலையும் கிடைத்த சான்றும் பதிந்த தொகுப்பு) எடுப்பது என்று எப்படி முடிவு செய்கிறார்கள்? எடுத்ததை முழுக்கப் படிக்கிறார்களா, சில பகுதிகளை மட்டுமா?

இரண்டு, "போதிய, தகுந்த சான்று பெறப்படவில்லை" என்று எழுதுகிறார்கள். ஆனால் அந்தக் கம்பெனியின் கணக்கு தவறு என்று சொல்வதில்லை. பிறகு அந்தக் கணக்கு திருத்தப்படுவதும் அபூர்வம். கணக்கு சரியாக இருந்தால் ஆடிட் எப்படித் தவறாகும்?

மூன்று, இதனால் தரம் கூடுகிறதா, ஃபைல் தடிப்பதுதான் மிச்சமா? அமெரிக்காவின் ஆடிட் ரெகுலேட்டரான பி.சி.ஏ.ஓ.பி. சொல்லும் குறைபாட்டு விகிதம் (ஆய்வு செய்த ஆடிட்களில் பெரிய குறை கண்டவற்றின் பங்கு) 2021 ஆய்வுகளில் 34%, 2022இல் 40%, 2023இல் 46% என்று ஏறி, 2024இல் 39%க்கு இறங்கியிருக்கிறது. இருபது வருட மேற்பார்வைக்குப் பிறகும் இதுதான் நிலைமை என்றால் இதை எப்படிப் புரிந்துகொள்வது?

சட்டப்பிரிவுகளை ஒப்பிக்க வேண்டாம், நடைமுறை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

பற்றுவரவு

முதல் கேள்விக்குப் போகும் முன் "சுயாதீனம்" என்பதைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்துவிடலாம். யார் நியமிக்கிறார், யார் பணம் தருகிறார், யார் ஃபைலைத் திறக்கிறார் ஆகிய மூன்றிலும் ஆடிட் தொழிலின் கை இருக்கக்கூடாது. பழைய முறையில் ஒரு ஆடிட் நிறுவனத்தை இன்னொரு ஆடிட் நிறுவனம் மதிப்பாய்வு செய்தது. என்ரான் என்ற அமெரிக்க எரிசக்திக் கம்பெனியின் மோசடி வெடித்த அதே சமயத்தில்தான் அதன் ஆடிட்டரான ஆர்தர் ஆண்டர்சன் அந்த முறையில் நற்சான்று வாங்கியது. 2002இல் வந்த சார்பேன்ஸ்-ஆக்ஸ்லி சட்டம் அதற்கு முற்றுப்புள்ளி வைத்து பி.சி.ஏ.ஓ.பி.யை உருவாக்கியது. வாரியத்தில் ஐந்து பேர், அதில் இரண்டே பேர்தான் கணக்காளர் தகுதி உள்ளவர்களாக இருக்கலாம். செலவுக்கான பணம் பட்டியலிட்ட கம்பெனிகளிடமும் புரோக்கர்களிடமும் வசூலிக்கும் கட்டணத்திலிருந்து வருகிறது, அந்த பட்ஜெட்டுக்கு அமெரிக்கப் பங்குச்சந்தை ரெகுலேட்டரான எஸ்.இ.சி. ஒப்புதல் தர வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் மேற்பார்வை அமைப்பை நடத்துபவர் குறைந்தது மூன்று வருடமாக ஆடிட் தொழிலில் இல்லாதவராக இருக்க வேண்டும். இந்தியாவில் 2013 கம்பெனிகள் சட்டத்தின் 132ஆம் பிரிவின்படி 2018 அக்டோபரில்தான் என்.எஃப்.ஆர்.ஏ. என்ற சுயாதீன ரெகுலேட்டர் வந்தது. அதுவரை பெரிய கம்பெனிகளின் ஆடிட்டர்கள் மீதும் ஒழுங்கு நடவடிக்கை எடுப்பது தொழில்முறைக் கழகத்தின் வேலையாகவே இருந்தது.

ஃபைலைத் திறந்து படிப்பவர் முன்னாள் ஆடிட்டராகத்தான் இருக்க முடியும், வேறு யாருக்கும் அந்தக் காகிதம் புரியாது. அதனால் அவர் தன் பழைய நிறுவனத்தின் ஃபைலைத் தொடாதபடி பார்த்துக்கொள்கிறார்கள்.

இப்போது தேர்வு. நிறுவனம் தன் எல்லா ஆடிட்களின் பட்டியலையும் முதலில் அனுப்ப வேண்டும். க்ளையன்ட்டின் தொழில், கட்டணம், செலவான மணிநேரம், பார்ட்னர் பெயர், எத்தனையாவது வருட ஆடிட், துணைக் கம்பெனிகளை வேறு ஆடிட்டர் பார்க்கிறாரா, தொடர்ந்து இயங்குமா என்ற சந்தேகம் உண்டா, எல்லாம் அதில் இருக்கும். ரெகுலேட்டர் அதில் பெரும்பகுதியை அபாயத்தை வைத்தும் கொஞ்சத்தைக் குலுக்கல் போலவும் எடுக்கிறார். முதல் வருட ஆடிட், அந்த வருடம் பெரிய கையகப்படுத்தல் நடந்த கம்பெனி, கட்டணம் திடீரென்று இறங்கிய ஆடிட், முன்பு மோசமான ஃபைல் வைத்திருந்த பார்ட்னர் ஆகியவை சுலபத்தில் மேலே வந்துவிடும். மணிநேரத்தைத் தொழிலின் அளவோடு ஒப்பிட்டுப் பார்த்தாலே பாதி கதை தெரிந்துவிடும்.

எத்தனை நாளைக்கு ஒருமுறை? 100க்கு மேல் பட்டியலிட்ட கம்பெனிகளை ஆடிட் செய்யும் நிறுவனத்தை பி.சி.ஏ.ஓ.பி. வருடா வருடம் பார்க்கும், மற்றவர்களைக் குறைந்தது மூன்று வருடத்துக்கு ஒருமுறை. ஐரோப்பாவில் பொதுநல நிறுவனங்களை (பட்டியலிட்ட கம்பெனி, வங்கி, காப்பீட்டு நிறுவனம் போன்றவை) ஆடிட் செய்பவர்களுக்குப் பொதுவாக அதே மூன்று வருடம்தான்.

முழு ஃபைலையும் படிப்பதில்லை. வருவாய், மதிப்பீடுகள், சரக்கிருப்பு என்று அபாயம் கூடிய சில பகுதிகளை மட்டும் தேர்ந்து ஆழமாகப் போவார்கள். ஆகவே குறை எதுவும் இல்லை என்று வந்தால் பார்த்த பகுதியில் இல்லை என்றுதான் பொருள். சில நிறுவனங்கள் இதை விளம்பரம் போலக் க்ளையன்ட்டுக்குக் காட்டுவது வேறு கதை.

எது எடுக்கப்படும் என்பது ரகசியமாக இருந்தால்தான் இது வேலை செய்யும். அந்த ரகசியம் ஒருமுறை கசிந்தது. கே.பி.எம்.ஜி. என்ற பெரிய ஆடிட் நிறுவனத்தின் அமெரிக்கப் பிரிவில் சிலர் ரெகுலேட்டரின் ஆய்வுப் பட்டியலை முன்கூட்டியே வாங்கி, அந்த ஃபைல்களைத் திரும்பத் திறந்து சரிசெய்தார்கள். 2019இல் எஸ்.இ.சி. 5 கோடி டாலர் அபராதம் போட்டது. பட்டியலைக் கொடுத்தவரும் வாங்கியவர்களும் குற்ற வழக்கைச் சந்தித்தார்கள்.

ஆய்வு தொடங்கியதும் பார்ட்னரையும் மேனேஜரையும் உட்காரவைத்து "இந்த ஆடிட்டில் பெரிய அபாயம் எது, அதில் நீங்களே பார்த்தது என்ன?" என்று கேட்பார்கள். பார்ட்னர் பதிலுக்கு மேனேஜர் முகத்தைப் பார்த்தால் ஆய்வாளர் எங்கே தோண்டுவது என்று முடிவு செய்துவிடுவார். குறை தெரிந்தால் எழுத்தில் வரும், நிறுவனமும் எழுத்தில்தான் பதில் சொல்ல வேண்டும். வாய் விளக்கம் ஏற்கெனவே ஃபைலில் உள்ளதைப் புரியவைக்க உதவும். இல்லாத வேலையை அது உண்டாக்காது.

---

பேரேடு

இரண்டாவது கேள்விதான் இதில் சாரமானது.

ஆடிட்டர் விற்பது "நியாயமான உறுதி". அந்த உறுதியைச் சொல்லும் தேதியில் அதற்கு அடித்தளம் கையில் இருந்ததா என்பதுதான் ரெகுலேட்டரின் கேள்வி. பிரேக்கைச் சோதிக்காமல் சான்று கொடுத்த வண்டி பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்தது என்பதால் சோதனை நடந்ததாகிவிடாது. பி.சி.ஏ.ஓ.பி. அறிக்கையின் பகுதி 1.ஏ.யில் வருவதும் இதுதான்: கருத்தைத் தாங்கும் அளவுக்குச் சான்று இல்லை. கணக்கு தவறு என்பது வேறு தீர்மானம், அதைச் சொல்ல ஆய்வாளர் கம்பெனிக்குள்ளேயே போக வேண்டியிருக்கும்.

எங்கே சறுக்குகிறது என்று ஓர் உதாரணத்தில் கிட்டே போய்ப் பார்ப்போம். வாடிக்கையாளர் பாக்கிக்கான வயது அறிக்கை, அதாவது எந்தப் பாக்கி எத்தனை நாள் பழையது என்ற பட்டியல். 90 நாளைத் தாண்டியதற்கு 50% வராக்கடன் ஒதுக்கீடு, அதற்குள் இருந்தால் 2% என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆடிட்டர் அறிக்கையிலிருந்து 25 பில்களை எடுத்து, தொகை, தேதி, கையெழுத்துள்ள டெலிவரி சலான் எல்லாம் சரிபார்த்து டிக் போட்டிருப்பார். பார்க்க அழகான ஒர்க்கிங் பேப்பர் (ஆடிட் வேலைக் குறிப்பு). ஆய்வாளர் கேட்பது இவை: வயதைக் கம்ப்யூட்டர் எந்தத் தேதியிலிருந்து கணக்கிடுகிறது, பில் தேதியா, கெடு தேதியா? கெடு தேதி என்றால் அதைத் திருத்தும் அனுமதி யாருக்கு? ஒரு வாடிக்கையாளர் கட்ட முடியாமல் தவணையை நீட்டித்தபோது கெடு தேதி மாறினால், 120 நாள் பழைய 4 கோடி பாக்கி "இன்னும் கெடு ஆகவில்லை" என்ற கட்டத்துக்கு நகர்ந்துவிடும். 2 கோடியாக இருக்க வேண்டிய ஒதுக்கீடு 8 லட்சமாகும். அந்த 25 பில்லில் ஒன்றுகூட இதைக் காட்டாது, ஏனென்றால் பில்லும் உண்மை, தொகையும் உண்மை.

இன்னொரு ஓட்டையும் அதிலேயே இருக்கிறது. அறிக்கையிலிருந்து பில்லுக்குப் போனால் அறிக்கையில் உள்ளவை நிஜமா என்பது தெரியும். அறிக்கையில் வராமல் விட்டது தெரிய வேண்டுமானால் பில் புத்தகத்திலிருந்து அறிக்கைக்கு வர வேண்டும், கூடவே மொத்தத்தைப் பேரேட்டோடு ஒத்துப் பார்க்க வேண்டும். கம்பெனி தரும் அறிக்கையை அது முழுமையா, துல்லியமா என்று சோதிக்காமல் அதன்மேல் சாம்பிள் எடுப்பது உலகம் முழுக்கத் திரும்பத் திரும்ப வரும் ஃபைண்டிங் (ஆய்வாளர் பதியும் குறை). அறிக்கையை எடுக்கும்போது போட்ட தேதி, கிளைக் குறியீடு போன்ற தேர்வுகள் தெரியும் ஸ்கிரீன்ஷாட் ஃபைலில் இருந்தால் பாதிக் கேள்வி எழாது.

மதிப்பீடுகள் அடுத்து. குட்வில் (ஒரு கம்பெனியை வாங்கும்போது அதன் சொத்து மதிப்புக்கு மேல் கொடுத்த தொகை) மதிப்பிழப்புக் கணக்கு என்றால், அடுத்த வருடப் பணவரவு 100 கோடி, வளர்ச்சி 4%, தள்ளுபடி வீதம் (எதிர்காலப் பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைக்கும் வீதம்) 11%. மதிப்பு 100ஐ 0.07ஆல் (11%இலிருந்து 4% கழித்தது) வகுத்தால் சுமார் 1,429 கோடி. புத்தக மதிப்பு 1,350 கோடி என்றால் 79 கோடி தாராளமாக இருக்கிறது, இழப்பு இல்லை. அதே வீதம் 12% ஆனால் மதிப்பு 1,250 கோடி, அதாவது 100 கோடி இழப்பு எழுத வேண்டும். ஒரே ஒரு சதவீதப் புள்ளியில் லாபக் கணக்கே மாறுகிறது. ஃபைலில் என்ன இருக்கும்? "நிர்வாகத்தின் வீதத்தை நிர்வாகத்தோடு விவாதித்தோம், நியாயமாகத் தெரிகிறது." மதிப்பீடுகளை ஆடிட் செய்வதற்கான சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஏ. 540இன் திருத்தத்துக்குப் பிறகு இந்த வாக்கியம் செல்லாது. ஆடிட்டர் சொந்தமாக ஒரு வீச்சைக் கணக்கிட்டாரா, சென்ற வருடக் கணிப்பு நடப்போடு எவ்வளவு ஒத்துப்போனது, எந்தப் புள்ளியில் முடிவு புரளும், கணிப்புக்கு எதிரான தகவல் ஏதாவது கண்ணில் பட்டதா, பட்டதை என்ன செய்தார், இவையெல்லாம் எழுதப்பட்டிருக்க வேண்டும். எதிரான சான்றை ஃபைலில் வைக்கப் பயப்படுகிறார்கள். அதை வைத்து, ஏன் ஏற்கவில்லை என்று காரணம் எழுதுவதுதான் பலம்.

வங்கி இருப்பு அடுத்தது. இருப்பை வங்கியே உறுதிசெய்யும் கன்ஃபர்மேஷன் கடிதம் ஆடிட்டரின் கையிலிருந்து கிளம்பி ஆடிட்டரின் கைக்கே திரும்ப வேண்டும். சத்யம் என்ற இந்திய ஐ.டி. கம்பெனியின் விவகாரத்தில், 2009இல் வெளிப்பட்ட அந்தப் பொய்யான வங்கி இருப்பு வருடக்கணக்கில் தப்பியதற்கு, கடிதத்தை அனுப்புவதையும் பதிலை வாங்குவதையும் கம்பெனியிடமே விட்டதுதான் முக்கியக் காரணம் என்று 2011இல் அமெரிக்க ரெகுலேட்டர்களின் உத்தரவுகள் பதிவு செய்தன. பி.டி.எஃப். ஆக வரும் பதிலுக்கும் இதே விதிதான். அனுப்பியவரின் மின்னஞ்சல் முகவரி அந்த வங்கியுடையதா என்று வேறு வழியில் சரிபார்த்த குறிப்பு வேண்டும்.

---

ஒப்புகை

பேரேடு சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன், கட்டுப்பாட்டுச் சோதனை, அதாவது பிழையைத் தடுக்கக் கம்பெனி வைத்திருக்கும் ஏற்பாடு வேலை செய்ததா என்று பார்ப்பது. "நிதி அதிகாரி மாதாந்திர வித்தியாசங்களைப் பார்த்து ஒப்பமிட்டார், ஒப்பம் பார்த்தோம்." ஒப்பம் இருந்தால் காகிதம் அவர் மேசைக்குப் போனது தெரியும், அவ்வளவுதான். எத்தனை ரூபாய்க்கு மேல் அல்லது எத்தனை சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் கேள்வி எழுப்புவார், அந்த வரம்பு பிழையைப் பிடிக்கும் அளவுக்குச் சிறியதா, அந்த மாதம் எதைக் கேட்டார், பதில் என்ன, இவை தெரியாமல் அந்தக் கட்டுப்பாடு வேலை செய்தது என்று எழுத முடியாது.

தேதிகளைப் பற்றியும் யாராவது சொல்ல வேண்டும். சர்வதேசத் தரத்தில் அறிக்கைத் தேதியிலிருந்து பொதுவாக 60 நாளுக்குள் ஃபைல் கட்டி முடிக்கப்பட வேண்டும். பி.சி.ஏ.ஓ.பி. 45 நாளாக வைத்திருந்ததை 14 நாளாகக் குறைக்கும் விதியைக் கொண்டுவந்திருக்கிறது. இந்த அவகாசம் ஒழுங்குபடுத்தவும் பிரதிகளை நீக்கவும்தான், புதிதாக ஆடிட் செய்ய அல்ல. மூடிய பிறகு ஏதாவது சேர்த்தால் யார், எப்போது, ஏன் என்று பதிய வேண்டும். எலெக்ட்ரானிக் ஃபைலில் ஒவ்வொரு திருத்தத்துக்கும் நேரமுத்திரை இருக்கிறது. ஆய்வாளர் முதல் மணி நேரத்திலேயே எடுப்பது அந்தப் பதிவைத்தான்.

பிரிட்டனில் கரிலியன் என்ற கட்டுமானக் கம்பெனி 2018 ஜனவரியில் விழுந்தது. அதன் ஆடிட் ஃபைலை அந்நாட்டு ரெகுலேட்டரான எஃப்.ஆர்.சி. ஆய்வு செய்தபோது, நடக்காத நேரத்தில் நடந்ததாகக் காட்டும் கூட்டக் குறிப்புகளை ஆடிட் குழுவினர் பிறகு தயாரித்துக் கொடுத்திருந்தார்கள். ஆடிட் தவறாகப் போனதற்கு வேறு விசாரணை நடந்தது. ரெகுலேட்டரைத் தவறாக வழிநடத்தியதற்கென்றே தனியாக, இன்னோர் ஆடிட்டையும் சேர்த்து, 2022இல் 1.44 கோடி பவுண்டு அபராதம் விழுந்தது. பலவீனமான ஃபைலோடு போனால் ஒரு ஃபைண்டிங். அதை ஜோடித்துக்கொண்டு போனால் தொழிலே போகும்.

---

அடிக்குறிப்பு

மூன்றாவது கேள்வியில் இருக்கும் 46%ஐ வைத்துப் பெருங்கவலை வேண்டாம், பெருமூச்சும் வேண்டாம்.

அபாயம் கூடிய ஃபைல்களைத் தேடிப் பிடித்து, அதிலும் கடினமான பகுதிகளைப் பார்த்து வரும் விகிதம் அது. "ஆடிட்களில் 46% மோசம்" என்று அதிலிருந்து பெருக்கிச் சொல்ல முடியாது. ஒரு ஃபைலில் ஒரே ஒரு பெரிய குறை இருந்தாலும் அது முழு ஃபைலாக எண்ணப்படுகிறது, ஐந்து இருந்தாலும் ஒன்றுதான். எந்தெந்த நிறுவனங்கள் சேர்ந்த கூட்டுத்தொகை என்பதும் முக்கியம். நான்கு பெரிய நிறுவனங்களை மட்டும் எடுத்தால் அதே பி.சி.ஏ.ஓ.பி. 2023க்கு 26%, 2024க்கு 20% என்கிறது. மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஆய்வுக்கு வரும் சிறு நிறுவனங்களில்தான் கூட்டு விகிதம் ஏறுகிறது.

உலக அளவில் ரெகுலேட்டர்களின் கூட்டமைப்பான ஐ.எஃப்.ஐ.ஏ.ஆர். தொகுத்த எண்ணில், குறைந்தது ஒரு ஃபைண்டிங் வந்த ஆடிட்கள் 2014இல் 47%, 2022இல் 26%, 2023இல் 32%. இறங்கியது உண்மை, பிறகு ஏறியதும் உண்மை. இதை வைத்து நாடுகளை ஒப்பிடுவது வீண். எஃப்.ஆர்.சி. ஒவ்வொரு ஃபைலுக்கும் நான்கு படிநிலைகளில் தரம் போடுகிறது: நன்று, சிறு மேம்பாடு தேவை, மேம்பாடு தேவை, பெரும் மேம்பாடு தேவை. அங்கே "சிறு மேம்பாடு" வாங்கியதை இன்னொரு நாடு ஃபைண்டிங் என்று எண்ணியிருக்கலாம்.

என் பார்வையில் விகிதத்தைவிடப் பயனுள்ள கேள்வி இது: அதே நிறுவனத்தில் அதே பகுதியில் அதே குறை அடுத்த சுற்றிலும் வந்ததா? அதை அறிக்கைகளை அடுக்கி வைத்துப் படித்தால் யாரும் கண்டுபிடிக்கலாம். முதல் பக்கத்து வரைபடத்தைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறோம்.

---

ஐந்தொகை

எல்லோருக்கும் நன்றி, குறிப்பாக வயது அறிக்கை உதாரணத்துக்கு. அப்படியானால் அடுத்த கேள்வி. ஃபைண்டிங் வந்ததும் எல்லா நிறுவனமும் செய்வது ஒரு பயிற்சி வகுப்பும் ஒரு புதுச் செக்லிஸ்ட்டும்தான். அடுத்த சுற்றிலும் அதே குறை வருகிறது. நடத்தையை மாற்றும் நெம்புகோல் எது?

---

ஒப்புகை

பயிற்சி என்பது "ஆட்களுக்குத் தெரியவில்லை" என்ற நோய்க்கு மருந்து. பெரும்பாலான ஃபைண்டிங்குகளில் ஆட்களுக்குத் தெரியும், நேரம் இருக்காது, அல்லது கேட்கத் துணிவு இருக்காது. அதனால்தான் மூல காரணம் தேடுவதை ஐ.எஸ்.க்யூ.எம். 1 என்ற சர்வதேசத் தர மேலாண்மை விதி கட்டாயமாக்கியது. 2022 டிசம்பர் 15க்குள் ஒவ்வொரு நிறுவனமும் அந்தத் தர மேலாண்மை அமைப்பை நிறுவியிருக்க வேண்டும், அடுத்த ஒரு வருடத்துக்குள் முதல் மதிப்பீட்டையும் முடித்திருக்க வேண்டும். அமைப்பு வேலை செய்கிறதா என்ற முடிவை நிறுவனத் தலைமையில் பெயர் சொல்லக்கூடிய ஒருவர் எடுத்துத் தன் பொறுப்பில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மூல காரணத்தை உருப்படியாகத் தேடுவது எப்படி? அந்த ஆடிட்டின் மணிநேரத்தை வாரவாரியாக வரையுங்கள். 1,200 மணிநேர ஆடிட் என்று வைத்துக்கொள்வோம். பார்ட்னர் 25 மணிநேரம் போட்டிருக்கிறார், அதில் 18 கையெழுத்துக்கு முந்தைய வாரத்தில். மதிப்பீட்டு நிபுணரின் குறிப்பு கையெழுத்துக்கு இரண்டு நாள் முன்பு வந்திருக்கிறது. மேனேஜர் அதே மாதத்தில் வேறு மூன்று ஆடிட்களில் இருந்திருக்கிறார். இந்தப் படத்தைப் பார்த்த பிறகு "குழுவுக்கு ஐ.எஸ்.ஏ. 540 பயிற்சி" என்று யாரும் எழுத மாட்டார்கள். மதிப்பீடுகள் மீதான வேலையை வருடக் கடைசிக்கு முன்பே தொடங்குவது, ஒரு மேனேஜர் ஒரே நேரத்தில் எத்தனை ஆடிட் பார்க்கலாம் என்று உச்சவரம்பு வைப்பது, நிபுணரின் குறிப்புக்குக் கெடு வைப்பது, இப்படித்தான் தீர்வு வரும். நல்ல ஃபைலையும் இதே மாதிரி வரைந்து பக்கத்தில் வையுங்கள். வித்தியாசம் எங்கே என்று தானாகத் தெரியும். பலர் மோசமான ஃபைலை மட்டும் ஆராய்ந்து, எல்லா ஃபைலிலும் பொதுவாக இருக்கும் ஒன்றைக் காரணமாகப் பிடித்துக்கொள்கிறார்கள்.

ரெகுலேட்டரிடம் இருக்கும் நெம்புகோலில் சாமர்த்தியமானது என்றால், பி.சி.ஏ.ஓ.பி. அறிக்கையின் இரண்டாம் பகுதியைச் சொல்வேன். நிறுவனத்தின் தர அமைப்பில் உள்ள குறைகள் அதில் இருக்கும், முதலில் அது வெளியே வராது. 12 மாதத்தில் ரெகுலேட்டர் திருப்தி அடையும்படி சரிசெய்தால் கடைசிவரை வராது. செய்யவில்லை என்றால் வெளியிடப்படும். அபராதத்தைச் செலவுக் கணக்கில் எழுதிவிடலாம். க்ளையன்ட்டின் ஆடிட் கமிட்டி படிக்கப்போகும் பக்கத்தை எந்தக் கணக்கிலும் எழுத முடியாது.

அபராதமும் தடையும் வேறு தடத்தில் ஓடுகின்றன. இந்தியாவில் என்.எஃப்.ஆர்.ஏ. தனிநபருக்கு வாங்கிய கட்டணத்தைப்போல் ஐந்து மடங்கு வரையும் நிறுவனத்துக்குப் பத்து மடங்கு வரையும் அபராதம் போடலாம், ஆறு மாதம் முதல் பத்து வருடம் வரை தொழிலிலிருந்து விலக்கியும் வைக்கலாம். ஆய்வையும் தண்டனையையும் ஒரே ஆட்கள் செய்தால் ஆய்வின்போது யாரும் வாய் திறக்க மாட்டார்கள், அதனால் பல இடங்களில் குழுக்களைப் பிரித்தே வைக்கிறார்கள்.

நிறுவனத்துக்குள் பார்க்க வேண்டியது பார்ட்னரின் வருமானம். மோசமான ஃபைலுக்குப் பிறகும் புதிய க்ளையன்ட் கொண்டுவந்ததற்காக அவர் பங்கு கூடினால், தரக் கையேட்டில் என்ன எழுதினாலும் கீழே இருப்பவர்கள் அதை நம்ப மாட்டார்கள். ஆய்வாளர்கள் இப்போது அந்தக் கணக்கையும் கேட்கிறார்கள்.

---

பற்றுவரவு

ஒப்புகை சொன்னதில் பெரும்பாலும் உடன்பாடுதான். ஆனால் இந்த முறையின் குருட்டுப் புள்ளியையும் சொல்லாவிட்டால் படம் அரைகுறை. ஆய்வாளர் பார்ப்பது ஃபைலை, கம்பெனியை அல்ல. ஆடிட்டருக்குத் தோன்றாத அபாயம் ஃபைலில் இருக்காது, ஃபைலில் இல்லாததை ஆய்வாளர் ஊகித்துத்தான் பிடிக்க வேண்டும். ஜெர்மன் பணப்பரிமாற்றக் கம்பெனியான வயர்கார்டில் 2020 ஜூனில் 190 கோடி யூரோ இல்லவே இல்லை என்று தெரிந்தபோது, ஜெர்மனியில் ஆடிட் மேற்பார்வை அமைப்பு ஏற்கெனவே இருந்தது. அதன் நடவடிக்கை 2023இல் வந்தது: ஆடிட் நிறுவனத்துக்கு 5 லட்சம் யூரோ அபராதம், பொதுநல நிறுவனங்களின் புதிய ஆடிட்களை எடுக்க இரண்டு வருடத் தடை. பிந்தி வந்தது என்பதைவிட, மோசடியை முன்கூட்டிப் பிடிப்பதற்கு இன்ஸ்பெக்ஷன் வடிவமைக்கப்படவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது.

இதனால் ஒரு கோணலும் வருகிறது. எழுதிக் காட்ட எளிதான வேலைக்கு ஃபைலில் மதிப்பெண் கிடைக்கும். கிடங்கில் நின்று "இந்த மூட்டை ஏன் தூசியாக இருக்கிறது?" என்று கேட்கும் ஜூனியரின் கேள்விக்கு கட்டம் கிடையாது. ஐந்தொகை சொன்ன தடித்த ஃபைல் இப்படித்தான் உருவாகிறது. நல்ல ரெகுலேட்டர் இதை உணர்ந்து, ஃபைண்டிங்கில் "இன்ன ஆவணம் இல்லை" என்று எழுதாமல் "இன்ன அபாயத்துக்கு இன்ன சான்று போதவில்லை" என்று எழுதுவார். முதல் வகை வாக்கியம் கூடக்கூடச் செக்லிஸ்ட் நீளும்.

---

ஐந்தொகை

கடைசியாக ஒன்று. இரண்டு மூன்று பார்ட்னர் மட்டும் உள்ள நிறுவனத்தில் தர மறுஆய்வாளர் (கையெழுத்துக்கு முன் ஆடிட்டை மறுபடி சோதிக்கும், ஆடிட் குழுவில் இல்லாத ஆள்) யார்? ஒருவர் கையெழுத்திட்டால் மற்றவர் பார்ப்பது, அடுத்த வருடம் மாற்றிக்கொள்வது, இதை ஆய்வாளர் ஏற்பாரா?

---

பேரேடு

மாற்றிக்கொள்வது நடக்காது. ஐ.எஸ்.க்யூ.எம். 2இன்படி ஆடிட் பார்ட்னராக இருந்தவர் அதே க்ளையன்ட்டுக்கு மறுஆய்வாளராக வர இரண்டு வருடமாவது இடைவெளி வேண்டும், உங்கள் நாட்டு விதி இன்னும் அதிகம் கேட்டால் அதுவே செல்லும். ஆள் இல்லை என்றால் வெளியிலிருந்து தகுதியுள்ளவரை அமர்த்தலாம். அவருக்கு அந்தத் தொழில்துறை தெரியுமா, போதிய நேரம் உண்டா, உங்கள் நிறுவனத்தோடு வேறு கொடுக்கல் வாங்கல் உண்டா என்பதை எழுதி வையுங்கள். ஆடிட் பார்ட்னரே அவரைத் தேர்ந்தெடுக்கக்கூடாது, நியமிக்கும் பொறுப்பு வேறொருவரிடம் இருக்க வேண்டும். இரண்டு பார்ட்னர் நிறுவனத்தில் அது மற்ற பார்ட்னரின் வேலை.

ஆய்வில் இந்த இடத்தில் இரண்டு விஷயம் பார்ப்பார்கள். மறுஆய்வு அறிக்கைத் தேதிக்கு முன் முடிந்ததா என்பது ஒன்று, முடிந்ததாக அவர் தெரிவிக்கும்வரை அறிக்கைக்குத் தேதியே போடக்கூடாது. மற்றது, அவர் கேட்ட கேள்வியால் எதாவது மாறியதா. எல்லாக் கட்டத்திலும் "ஆம்" என்று டிக், கேள்வி ஒன்றுகூட இல்லை, மொத்தம் மூன்று மணிநேரம், அதுவும் கையெழுத்து நாளில் என்றால் அதுவே ஒரு ஃபைண்டிங். திட்டமிடும் கட்டத்தில் ஒருமுறையும் முக்கிய மதிப்பீடுகள் முடிந்ததும் ஒருமுறையும் அவரை உட்காரவைத்து, அவர் கேட்டதையும் குழு சொன்ன பதிலையும் அந்தந்தத் தேதியிலேயே பதியுங்கள். அவர் கேட்டதால் கூடுதலாகச் செய்த சோதனை இருந்தால் அதன் ஒர்க்கிங் பேப்பர் எண்ணையும் பக்கத்திலேயே போடுங்கள்.